கோரிவன் நிறுத்தத்தில் இறங்கியவர்

சுற்றுலா பஸ்ஸில் தனியாக வருகிறவர்களுக்கு ஒரு தண்டனை உண்டு. தனி அறைக்கென்று கூடுதல் கட்டணம் வாங்கிக்கொண்டு, அதன் பிறகு தனியாக வந்த இன்னொருவர் பக்கத்தில் கொண்டுபோய் உட்கார வைத்துவிடுவார்கள். சாப்பாட்டு மேஜையும் அப்படித்தான். அந்த அக்டோபர் மாதச் சுற்றுலாவில் வந்த நாற்பத்திரண்டு பேரில் தனி ஆட்கள் இரண்டே பேர். ஒருத்தி சென்கா டெவ்லின், விஷா ஊரில் பள்ளிக்கூடச் சமையலறையில் முப்பது வருடம் உருளைக்கிழங்கு மசித்து ஓய்வு பெற்றவள், அறுபத்தெட்டு வயது. இன்னொருவர் மதர்வெல்லைச் சேர்ந்த நினியன் பர்டி, எழுபத்தொன்பது வயது, ரயில்வேயில் தண்டவாளம் பழுது பார்க்கும் வேலையில் இருந்தவர். ஐந்து நாளுக்கும் இருவருக்கும் பக்கத்துப் பக்கத்து இருக்கை. ஐந்து நாளுக்கும் ஜன்னலோரம் இருவர் மட்டும் உட்காரும் மேஜை.

இதைவிட என்ன வேண்டும் ஜெஸ்ஸி மக்லின்டாக்குக்கு? ஜெஸ்ஸி, சென்காவின் தெருக்காரி, தன் தங்கையோடு வந்திருந்தாள். முதல் நாள் லோமண்ட் ஏரிக்கரையில் தேநீருக்கு நிறுத்தினபோதே ஆரம்பித்துவிட்டாள், மாப்பிள்ளைக்குச் சர்க்கரை எத்தனை ஸ்பூன் என்று. சாயங்காலத்துக்குள் பஸ் முழுக்கப் பரவிவிட்டது. ஓட்டுநர் டூகி, மைக்கில் மலைகளின் பெயரைச் சொல்லிக்கொண்டே வந்தவன், நடுவில் ஏழாவது வரிசைப் புதுமணத் தம்பதி வசதியாக இருக்கிறார்களா என்று விசாரித்தான். நாற்பது பேரும் சிரித்தார்கள். கெட்ட மனிதர்கள் யாருமில்லை. மழையில் ஜன்னல் மூடிய பஸ்ஸில் எட்டு மணி நேரம் உட்கார்ந்திருக்கிற கிழவர் கிழவிகளுக்குப் பொழுது போக வேண்டாமா, அவ்வளவுதான்.

பர்டி அந்தச் சிரிப்பைக் காதில் போட்டுக்கொள்ளவே இல்லை. சென்காவால் அது முடியவில்லை. அதற்குக் காரணம் இருந்தது. பதினெட்டு வருடத்துக்கு முன் அவள் கணவன் ஜோ, மதுக்கடையில் வேலை பார்த்த ஒருத்தியோடு போய்விட்டான். சென்கா அதை யாரிடமும் சொல்லவில்லை. கடலில் எண்ணெய்க் கிணற்றில் வேலை கிடைத்துப் போயிருக்கிறார் என்று மூன்று மாதம் தெருவில் சொல்லிக்கொண்டு திரிந்தாள். போன வாரம் பேசினார், குளிர் அதிகமாம் என்றுகூடச் சொன்னாள். கடைசியில் ஜோவை கிளாஸ்கோவில் ஒரு செருப்புக் கடையில், அந்தப் பெண்ணோடு, ஜெஸ்ஸியே பார்த்துவிட்டாள். அதன் பிறகு சென்கா ரொட்டி வாங்கப் போனால் கடையில் பேச்சு நிற்கும், வெளியே வந்ததும் சிரிப்பு கேட்கும். மனுஷனை இழந்ததுகூட ஆறிப்போனது. அந்தச் சிரிப்பு ஆறவில்லை.

ஆனாலும் அவளுக்கு பர்டியைப் பிடித்திருந்தது. இதைச் சுற்றி வளைத்துச் சொல்வதில் அர்த்தமில்லை. அவர் அதிகம் பேசமாட்டார். ஈரமான பெஞ்சில் தன் மழைக்கோட்டை விரித்துவிட்டுத்தான் அவளை உட்காரச் சொல்வார். இரண்டாம் நாள் காலையில், கைவிரல் மூட்டு வலியால் முட்டை ஓட்டோடு அவள் திண்டாடிக்கொண்டிருந்தபோது, ஒன்றும் சொல்லாமல் முட்டையை எடுத்து உரித்து அவள் தட்டில் வைத்தார். அவள் என்ன ஊர், பிள்ளைகள் உண்டா, புருஷன் எங்கே என்று அவர் கேட்கவில்லை. அவளும் அவரிடம் எதுவும் கேட்கவில்லை. இப்படி ஒரு நிம்மதி தனக்குக் கடைசியாக எப்போது வாய்த்தது என்று அன்றைக்கு ராத்திரி படுக்கும்போது நினைத்துப் பார்த்தாள்.

மூன்றாம் நாள் ரயில் பயணம். அதுதான் இந்தச் சுற்றுலாவின் பெரிய விஷயம், விளம்பரத் தாளில் முதல் பக்கத்தில் இருப்பதும் அதுதான். பஸ் எல்லோரையும் ஒரு சின்ன ஸ்டேஷனில் இறக்கிவிடும். அவர்கள் ரயிலில் சதுப்புவெளியைக் கடந்து ஃபோர்ட் வில்லியம் போவார்கள். பெட்டி படுக்கையையும், ரயில் வேண்டாம் என்கிறவர்களையும் ஏற்றிக்கொண்டு டூகி மலைப்பாதை வழியாகச் சுற்றி வந்து ஓட்டலில் காத்திருப்பான். அன்றைக்கு முட்டிவலிக்காரர்கள் நான்கு பேர் பஸ்ஸில் தங்கினார்கள். மிச்சம் முப்பத்தெட்டு பேரை வழிகாட்டிப் பெண் மோர்வென் தலை எண்ணி ரயிலில் ஏற்றினாள். தலை எண்ணுவதில் மோர்வென் கறார். ஒரு ஆள் குறைந்தால் வண்டி நகராது. குழுவை விட்டு யாரும் தனியாகப் போகக் கூடாது என்று முதல் நாளே மூன்று தடவை சொல்லியிருந்தாள்.

சென்கா அன்று நீலக் கோட்டு போட்டிருந்தாள். காலை ஐந்தரைக்கே எழுந்து தலைமுடியைச் சுருட்டிவிட்டிருந்தாள். ஃபிளாஸ்க்கில் தேநீரும், ஓட்டல் காலை உணவிலிருந்து காகிதக் கைக்குட்டையில் சுற்றி எடுத்த இரண்டு பன்னும் கைப்பையில் இருந்தன. இரண்டு பேர் எதிரெதிரே உட்காரும் ஜன்னல் இருக்கை கிடைத்தது. வெயில் அடித்தது. பழுப்புப் புல்லும் கறுப்புத் தண்ணீரும் தூரத்து மலைகளும் கண்ணுக்கெட்டிய வரை கிடந்தன. மற்றவர்கள் ஜன்னலில் முகத்தை ஒட்டிக்கொண்டு மான் தெரிகிறதா என்று பார்த்தார்கள். பர்டி வெளியே பார்க்கவில்லை. அவள் ஊற்றிக் கொடுத்த தேநீர் ஆறிக்கொண்டிருந்தது. இரண்டு கையையும் முழங்காலில் வைத்துக்கொண்டு, பல் பிடுங்கக் காத்திருக்கிறவர் மாதிரி உட்கார்ந்திருந்தார்.

கோரிவன் நிறுத்தம் வருவதற்குச் சற்று முன் எழுந்து, மழைக்கோட்டை மாட்டிக்கொண்டார். கோரிவனுக்கு ரோடு கிடையாது. ஒரு நடைமேடை, ஒரு விளக்கு, பூட்டிப்போட்ட ஒரு பழைய வீடு. ஏறவோ இறங்கவோ யாராவது இருந்தால்தான் ரயில் நிற்கும். கார்டிடம் அவர் ஏறும்போதே சொல்லிவைத்திருக்கிறார்.

அவள் பக்கம் குனிந்து, யாருக்கும் கேட்காதபடி சொன்னார். "நான் இங்க இறங்கறேன், சென்கா. அந்தப் பொண்ணுகிட்ட சொன்னா விடமாட்டா. கணக்கு எடுக்கும்போது பஸ்ல வர்றேன்னு மட்டும் சொல்லிடுங்க. சாயந்திரம் ஏழு மணி ரயில்ல வந்துடுவேன்."

"இங்க என்ன இருக்கு?"

அவர் கோட்டுப் பொத்தானைப் போட்டுக்கொண்டார். அவள் தன் வாழ்நாளில் செய்யாத ஒன்றைச் செய்தாள். வாய்விட்டுக் கேட்டாள். "நானும் வரட்டுமா?"

"வேண்டாம்," என்றார்.

கடுமையாகச் சொல்லவில்லை. ஆனால் ஒரு நொடிகூட யோசிக்காமல் சொன்னார். அது போதும். ரயில் நின்றது, அவர் இறங்கினார், ரயில் கிளம்பியது. கடைசிப் பெட்டியின் பின்பக்கத்தில் மோர்வென் யாருக்கோ நாளைய படகுப் பயணத்தை விளக்கிக்கொண்டிருந்தாள், பார்க்கவில்லை. சென்கா எதிரே இருந்த காலி இருக்கையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். முகம் எரிந்தது. இந்தக் கேலி தாங்காமல் தப்பித்துப் போகிறார், என் பக்கத்தில் இன்னொரு மத்தியானம் உட்கார முடியாமல் நடுக்காட்டில் இறங்கிவிட்டார் என்று நினைத்தாள். ஆண்கள் அவளை விட்டு இறங்கிப் போவதற்கு எப்போதும் ஏதாவது ஒரு நிறுத்தம் இருந்தது. தேநீரை அவளே குடித்தாள். இரண்டு பன்னையும் தின்றாள்.

ஃபோர்ட் வில்லியம் நடைமேடையில் மோர்வென் எண்ணினாள். முப்பத்தேழு. திரும்ப எண்ணினாள். முப்பத்தேழு. பட்டியலில் விரலை ஓட்டி, நேராக சென்காவிடம் வந்தாள்.

"உங்க ஆளு எங்க?"

ஜெஸ்ஸி இரண்டடி தள்ளி நின்றுகொண்டிருந்தாள். சென்காவுக்கு யோசிக்க நேரமில்லை, யோசிக்கவும் இல்லை. முட்டி பிடித்துக்கொண்டது, ரயில் ஏறுகிற நேரத்தில் மனசு மாறி பஸ்ஸுக்கே போய்விட்டார் என்றாள். ஏறும்போது முப்பத்தெட்டு எண்ணினேனே என்று மோர்வென் நெற்றியைச் சுருக்கினாள். எண்ணினதில் தப்பு நடந்திருக்கும் என்று சென்கா சொன்னாள், ரொம்ப அமைதியாகச் சொன்னாள். எண்ணெய்க் கிணற்றுக் காலத்தில் பழகின குரல் அது. மனைவி சொன்னால் யார் சந்தேகப்படுவார்கள்? மனைவி இல்லை என்பதே மூன்று நாள் கேலியில் மோர்வென்னுக்கு மறந்துபோயிருந்தது. பட்டியலில் முப்பத்தெட்டை அடித்து முப்பத்தேழு என்று எழுதினாள், பஸ் பக்கத்தில் நான்கை ஐந்தாக்கினாள். டூகிக்கு ஒரு போன் போட்டிருக்கலாம். பஸ்ஸில் வந்த நாலு பேரில் ஒருவரைக் கேட்டிருக்கலாம். போடவில்லை, கேட்கவில்லை. டூகி பெட்டிகளை ஓட்டலில் இறக்கிவிட்டு, சட்டப்படி அவனுக்கு உள்ள ஓய்வு நேரம் என்று தன் விடுதிக்குப் படுக்கப் போய்விட்டான். பர்டியின் பெட்டியை யாரோ அவர் அறை வாசலில் வைத்துவிட்டுப் போனார்கள்.

மூன்று மணிக்கு வெயில் போய்விட்டது. சென்கா குளித்துவிட்டு வந்து ஜன்னலில் பார்த்தபோது எதிர்க்கரை மலை காணாமல் போயிருந்தது. மழை பக்கவாட்டில் அடித்தது. கொஞ்ச நேரத்தில் அது கனத்து, வெள்ளையாகி, கண்ணாடியில் ஒட்டி வழிந்தது. ஊரில் இப்படியென்றால் சதுப்புவெளியில் எப்படி இருக்கும் என்பதைச் சொல்ல அவளுக்கு ஆள் வேண்டியதில்லை. அந்தப் பழைய வீடு பூட்டியிருந்ததை அவளே பார்த்தாள். அவருடைய மழைக்கோட்டு மெல்லியது. பெஞ்சில் அவள் உட்காருவதற்காக விரித்துப்போட்ட கோட்டு, அதன் கனம் அவளுக்குத் தெரியும்.

சொல்லிவிடலாம் என்று கீழே இறங்கினாள். மோர்வென் வரவேற்பு மேஜையில் நின்று நாளைய படகுக்காக யாரிடமோ போனில் வாதாடிக்கொண்டிருந்தாள். சென்கா போய்ப் பக்கத்தில் நின்றாள். என்ன சொல்வது என்று மனதில் வரிசைப்படுத்திக்கொண்டிருக்கும்போதே ஜெஸ்ஸியும் தங்கையும் கடைத்தெருவிலிருந்து நனைந்துகொண்டு உள்ளே வந்தார்கள்.

"எங்கடி உன் மாப்பிள்ளை? மூணே நாள்ல அலுத்துப் போயிட்டாரா?" என்றாள் ஜெஸ்ஸி.

தங்கைக்காரி சிரித்தாள். மேஜைக்குப் பின்னால் இருந்த பையனும் சிரித்தான். மோர்வென்கூடப் போனைக் காதில் வைத்தபடியே புன்னகைத்தாள்.

"தூங்கறார்," என்றாள் சென்கா. சொல்லிவிட்டு மேலே போனாள்.

அறைக்குள் வந்து கட்டிலில் உட்கார்ந்து கணக்குப் போட்டாள். இப்போது போய்ச் சொன்னால் முதலில் சொன்ன பொய், இரண்டாவது சொன்ன பொய், இரண்டும் வெளியே வரும். அவர் இறங்கினார், என்னை வரவேண்டாம் என்றார் என்பதும் வரும். ஏழு மணிக்கு அவர் சாதாரணமாக வந்து நிற்பார், நாற்பது பேர் முன்னால் அவரையும் திட்டுவார்கள். கிழவர் சின்ன வயதிலிருந்து ரயில் பாதையிலேயே கிடந்தவர், பனி தெரியாதவரா? ஏழு மணிக்கு இன்னும் இரண்டு மணி நேரம்தானே. இப்படியே ஒவ்வொன்றாகச் சொல்லித் தன்னைச் சமாதானப்படுத்தினாள். எதுவும் நெஞ்சுக்குள் இறங்கவில்லை. ஆனாலும் அவள் எழுந்திருக்கவில்லை.

ஆறே காலுக்குச் சாப்பாட்டு மணி. இருவர் மேஜையில் ஒருத்தியாக உட்கார்ந்தாள். பரிமாறுகிற பெண் எதிரே இருந்த கரண்டிகளைப் பார்த்துவிட்டு, ஐயா வரலையா என்றாள். வயிறு சரியில்லை என்றாள் சென்கா. அந்தப் பெண் நல்ல பெண். சூப்பை மூடிக் கொண்டுபோய் அறையில் கொடுத்துவிட்டு வரட்டுமா என்று கேட்டாள். வேண்டாம், எழுப்ப வேண்டாம் என்றாள். பக்கத்து மேஜைக்காரர் தன்னிடம் வயிற்று மாத்திரை இருக்கிறது என்று ஒரு அட்டையை நீட்டினார். வாங்கிக்கொண்டாள். நன்றி சொன்னாள். சூப் வந்தது, பட்டாணியோடு மீன் வந்தது, கஸ்டர்டு ஊற்றிய ஆப்பிள் புட்டிங் வந்தது. எல்லாவற்றையும் சாப்பிட்டாள். தட்டை அப்படியே திருப்பி அனுப்பினால் பார்க்கிறவர்கள் பார்ப்பார்களே.

ஏழு மணிக்கு யாருக்கும் தெரியாமல் கோட்டை மாட்டிக்கொண்டு ஸ்டேஷனுக்கு நடந்தாள். தெருவிளக்கு வெளிச்சத்தில் பனி அடித்துப் பெய்துகொண்டிருந்தது. கூடவே அவருடைய கம்பளிச் சட்டையையும் கொண்டுபோனாள். முதல் நாள் அவள் தோளில் போட்டுவிட்டது, திருப்பிக் கொடுக்காமல் வைத்திருந்தாள். ரயில் ஏழு இருபதுக்கு வந்தது. ஐந்து பேர் இறங்கினார்கள். மலையேறும் இளைஞர்கள் மூன்று பேர், ஒரு தாய், ஒரு குழந்தை. கார்டு கதவைச் சாத்திக்கொண்டு வந்தான். கோரிவனில் யாராவது ஏறினார்களா என்று கேட்டாள். நடைமேடையில் யாரும் நிற்கவில்லை, அதனால் வண்டியை நிறுத்தவே இல்லை என்றான்.

ஓட்டலுக்கு ஓடினாள். அறுபத்தெட்டு வயதில் ஓடினாள், இரண்டு தடவை வழுக்கி விழுந்து ஓடினாள். ஏழு முப்பத்தைந்துக்கு மோர்வென்னிடம் சொன்னாள்.

அதன் பிறகு நடந்ததையெல்லாம் சொல்லிக்கொண்டிருக்க வேண்டாம். கான்ஸ்டபிள் வந்தார். மீட்புக்குழுக்காரர்கள் அவரவர் வீட்டுச் சாப்பாட்டை விட்டுவிட்டு வந்து கூடினார்கள். ரோடு இல்லாத இடம், ரயிலில்தான் போக வேண்டும். அதற்கு ஒரு எஞ்சினைப் பிடித்து, பாதையை விடுவித்து, அவர்கள் கோரிவனில் போய் இறங்கும்போது பத்தரை. அவர் எந்தப் பக்கம் போனார் என்று கேட்டார்கள். சென்காவுக்குத் தெரியவில்லை. விடிவதற்குள் கண்டுபிடித்துவிட்டார்கள். தண்டவாளத்திலிருந்து இருநூறு அடி தூரத்தில், கரி மண் அரித்த ஒரு பள்ளத்தில், கணுக்கால் உடைந்து கிடந்தார். ஏரிப் பக்கம் போய்விட்டுத் திரும்பும் வழியில் விழுந்திருக்கிறார். நடைமேடை விளக்கு அங்கிருந்து தெரியுமாம். உயிர் இல்லை.

காலையில் அந்த ஓட்டல் சாப்பாட்டு அறையில் ஒரு கரண்டிச் சத்தம் இல்லை. சென்காவை நெருப்புக்குப் பக்கத்து நாற்காலியில் உட்கார வைத்து, கால் மேல் போர்வை போட்டிருந்தார்கள். ஒவ்வொருத்தராக வந்து தோளைத் தொட்டுவிட்டுப் போனார்கள். ஜெஸ்ஸி அவள் முன்னால் மண்டியிட்டு, கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். அந்தப் பனியில் அவரைக் கூட்டிவர கம்பளிச் சட்டையை எடுத்துக்கொண்டு தனியாகப் போனாளே என்று எல்லோரிடமும் சொல்லிச் சொல்லி அழுதாள். டூகி தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு கதவருகே நின்றான். இரங்கல் எல்லாம் சென்காவுக்கு. அவள் ஒருத்தரிடமும் வேண்டாம் என்று சொல்லவில்லை.

மோர்வென்தான் விஷயத்தைப் பேசினாள். பக்கத்தில் ஒரு ஸ்டூலை இழுத்துப்போட்டுக்கொண்டு, உதடு அசையாமல் பேசினாள். ஏழு மணி ரயிலில் வருவதாகச் சொல்லிவிட்டுத் தன் இஷ்டத்துக்கு இறங்கினார், அந்த ரயிலில் வராததும் கூட வந்த பெண்மணி உடனே தகவல் கொடுத்தார். கான்ஸ்டபிளின் புத்தகத்தில் இருப்பது இவ்வளவுதான், இதில் ஒரு வார்த்தை பொய் இல்லை.

"நடைமேடையில நீங்க என்ன சொன்னீங்க, நான் என்ன எழுதினேன், அதெல்லாம் அவர் கேக்கவே இல்ல," என்றாள் மோர்வென். "கேக்காததை நாமளா ஏன் சொல்லணும்? எனக்கு ரெண்டு பசங்க இருக்காங்க, சென்கா."

சென்கா தலையாட்டினாள். உண்மையைச் சொன்னால் அவளுக்கு அந்தப் பேச்சு இனித்தது. அப்படியே விட்டுவிடலாம் என்று யாரோ சொல்லமாட்டார்களா என்றுதான் ராத்திரி முழுக்க உட்கார்ந்திருந்தாள்.

ஒன்பதரைக்கு பர்டியின் மகள் எல்ஸ்பெத் வந்தாள். ஐம்பதைத் தாண்டியவள், அப்பாவைப் போலவே ஒடுங்கிய முகம். மதர்வெல்லிலிருந்து விடியற்காலையில் கிளம்பி மூன்று மணி நேரம் காரோட்டி வந்து, ஆஸ்பத்திரிக்குப் போய் அப்பாவைப் பார்த்துவிட்டு நேராக இங்கே வந்திருந்தாள். பஸ் பத்து மணிக்குக் கிளம்பியாக வேண்டும். நாற்பது பேரை இன்னொரு ராத்திரி தங்க வைக்க அறை இல்லை. ஒவ்வொருவராக ஏறிக்கொண்டிருந்தார்கள். அறையில் இவர்கள் இருவரும்தான்.

எல்ஸ்பெத் சென்காவின் கையை எடுத்துத் தன் இரண்டு கைக்குள் வைத்துக்கொண்டாள். அப்பா முந்தாநாள் போனில் உங்களைப் பற்றிச் சொன்னார் என்றாள்.

"பக்கத்து சீட்ல ஒரு அம்மா இருக்காங்க, ரொம்ப நல்ல மனுஷி, எதையும் தோண்டித் துருவிக் கேக்க மாட்டாங்கன்னார். அப்பா யாரையும் அப்படிப் புகழ்ந்து நான் கேட்டதில்ல."

பிறகு அவளே எல்லாவற்றையும் சொன்னாள். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபத்து மூன்றாம் வருடக் குளிர்காலத்தில் அப்பாவும் அம்மாவும் கோரிவனில், அந்தப் பூட்டிய வீட்டில்தான் இருந்தார்களாம். பாதையைப் பார்த்துக்கொள்ளும் வேலை. பனி மூடி ஒன்பது நாள் ரயில் வரவில்லை. அந்த ஒன்பது நாளுக்குள் அம்மாவுக்குப் பிரசவம், டாக்டர் இல்லை, பெண் குழந்தை செத்துப் பிறந்தது. கல்லறைத் தோட்டத்துக்குக் கொண்டுபோக வழியில்லை. தண்டவாள போல்ட்டு வரும் மரப்பெட்டியில் வைத்து, அப்பா ஏரிக்கரையில் புதைத்துவிட்டு மேலே ஒரு கல்லை வைத்தார். அதைப் பற்றி வீட்டில் பேசக் கூடாது என்று அம்மா சொல்லிவிட்டாள். அம்மா போன வருடம்தான் இறந்தாள்.

"எனக்கு ஒரு அக்கா இருந்ததே போன வாரம்தான் எனக்குத் தெரியும். ஒரு தடவை பாத்துட்டு வந்துடறேன்னார். நான் கூட வரேன்னேன். யாரும் வேண்டாம்னுட்டார். மீட்புக்காரங்க அந்தக் கல்லைப் பாத்தாங்களாம். பாசியெல்லாம் சுரண்டித் துடைச்சிருந்ததாம்."

யாரும் வேண்டாம் என்றாராம், மகள்கூட வேண்டாம் என்றாராம்.

எல்ஸ்பெத் பையிலிருந்து ஒரு தாளை எடுத்து மேஜையில் விரித்தாள். சுற்றுலா நிகழ்ச்சி நிரல் அச்சிட்ட தாள், அப்பாவின் கோட்டுப் பையில் இருந்ததாம், நனைந்து காய்ந்து சுருங்கியிருந்தது. அதன் பின்பக்கத்தில் பென்சிலால் நாலு வரி. பாதையில் வேலை பார்த்தவர்களுக்கு வண்டி போகிற நேரத்தைக் குறித்துவைக்கும் பழக்கம் போகவே போகாது என்றாள். மூன்று பன்னிரண்டு, கூட்ஸ், வடக்கே. நான்கு நாற்பது, பயணி ரயில், தெற்கே. ஆறு முப்பத்தொன்று, பயணி ரயில், வடக்கே, கோட்டை ஆட்டினேன், பார்க்கவில்லை. ஏழு பத்து, கூட்ஸ், தெற்கே. கடைசி வரியில் எழுத்து கோணிக்கொண்டு தாளின் ஓரத்துக்குப் போயிருந்தது.

"நாலு வண்டி போயிருக்கு," என்றாள் எல்ஸ்பெத். "ஒரு டிரைவருக்குத் தகவல் தெரிஞ்சிருந்தாலும் மெதுவா ஓட்டிப் பாத்திருப்பான். ஆனா யாருக்குத் தெரியும்? ஏழரை வரைக்கும் யாருக்குமே தெரியாதே. நீங்களாவது ஸ்டேஷனுக்குப் போனீங்க. அதுக்குத்தான் நன்றி சொல்லலாம்னு வந்தேன்."

அங்கே அப்படியே விட்டிருந்தால் முடிந்துபோயிருக்கும். மகள் நன்றி சொல்லிவிட்டுப் போயிருப்பாள், மோர்வென்னின் வேலை தப்பியிருக்கும், விஷா தெருவில் சென்கா போகும்போது ஜெஸ்ஸி கதவைத் திறந்து வந்து கட்டிப்பிடித்திருப்பாள். யாரும் அவளைத் திட்டியிருக்க முடியாது. அந்தப் பென்சில் வரிகளையே பார்த்துக்கொண்டிருந்த சென்கா தன் கையை மெல்ல உருவிக்கொண்டாள்.

"எனக்குத் தெரியும்," என்றாள். "ஒண்ணேகாலுக்கே தெரியும். அவர் இறங்கினதை நான் பாத்தேன். ரெண்டு மணிக்கு அந்தப் பொண்ணு கேட்டா. பஸ்ல வர்றார்னு சொன்னேன்."

எல்ஸ்பெத்துக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் முகத்தில் எதுவும் மாறவில்லை, குரல்தான் தணிந்துபோனது. தாளைத் திருப்பி சென்காவுக்கு நேராக வைத்து, முதல் வரியில் விரலை வைத்தாள்.

"மூணு பன்னிரண்டுக்கு எங்க இருந்தீங்க?"

"ரூம்ல. குளிச்சிட்டு வந்து ஜன்னல்ல பாத்துக்கிட்டிருந்தேன். பனி பெய்ய ஆரம்பிச்சுது."

"நாலு நாப்பது?"

"கீழே. தூங்கறார்னு சொன்னேன்."

விரல் மூன்றாம் வரிக்கு வந்து நின்றது. அவள் கேட்கவில்லை. சென்காவே சொன்னாள்.

"சாப்பிட்டுக்கிட்டிருந்தேன். மீன். பட்டாணி. புட்டிங்கும் சாப்பிட்டேன்."

வெளியே பஸ்ஸை டூகி கிளப்பிவைத்திருந்தான். ஹாரன் அடிக்க அவனுக்கு மனம் வரவில்லை, வைப்பர் மட்டும் போய்ப் போய் வந்துகொண்டிருந்தது.

"ஏன்?" என்றாள் எல்ஸ்பெத்.

"என்னை விட்டுட்டு இறங்கிப் போயிட்டார்னு தெரிஞ்சா, எல்லாரும் சிரிப்பாங்கன்னு நினைச்சேன்."

எல்ஸ்பெத் அந்தத் தாளை நான்காக மடித்துப் பைக்குள் வைத்தாள். எழுந்து ஜன்னலுக்குப் போய் நின்றாள். பஸ் கண்ணாடிகளுக்குப் பின்னால் நாற்பது பேரும் சென்கா வருவதற்காகக் காத்துக்கொண்டு, ஓட்டல் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். எல்ஸ்பெத் ஒவ்வொரு முகமாக, வரிசை வரிசையாக, ரொம்ப நேரம் பார்த்தாள். ஒருத்தர்கூடச் சிரிக்கவில்லை.